புதுப்பிப்பு: டி.எஸ்.எச் 6.8, மறுபரிசோதனை முடிவு வந்தாச்சு

புதிதாகப் படிப்பவர்களுக்கு: டி.எஸ்.எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 6.8, வரம்பைவிடக் கூடுதல்; ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) வரம்புக்குள். மாத்திரை தேவையா என்று கேட்டிருந்தேன். டாக்டர் உடனே எதுவும் எழுதித் தராமல், சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார், கூடவே ஆன்டி-டிபிஓவும் (தைராய்டைக் குறிவைக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்).

இப்போது டி.எஸ்.எச் 5.1. டி4 பழையபடி நார்மல். ஆன்டி-டிபிஓ மட்டும் பாசிட்டிவ்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: டி.எஸ்.எச் தைராய்டில் சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரியில் சுரக்கிறது. டி4 லேசாகச் சரிந்தாலே பிட்யூட்டரி தைராய்டை அதட்ட ஆரம்பித்துவிடும். அதனால்தான் டி4 வரம்புக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச் ஏறிவிடுகிறது. ஆன்டிபாடி இருப்பதால் பின்னாளில் தைராய்டு குறைபாடு முற்ற வாய்ப்பு அதிகம். ஆனாலும் அறிகுறி இல்லை, டி.எஸ்.எச் 10-ஐயும் தாண்டவில்லை என்பதால் இப்போதைக்குக் கவனித்தால் போதுமாம். (கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் கணக்கே வேறு.)

பயோட்டின் என்ற வைட்டமின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடிக்காக அதிக டோஸில் எடுத்தால், சில லேப் முறைகளில் டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் தைராய்டு மிகையாகச் சுரப்பது போலவே இருக்கும்! குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

அதிகாலையில் டி.எஸ்.எச் கூடுதலாகவும் மதியம் குறைவாகவும் இருக்கும் என்பதால், அடுத்த முறையும் அதே லேப், அதே காலை நேரம். 6 மாதம் கழித்து.