எச்4 ஹெட்லைட் மங்கல்: 100/90 பல்பா, எல்இடியா, வேற வழி இருக்கா?

கேள்வி:
காரில் இருப்பது எச்4 ஹாலஜன், அதாவது ஒரே பல்பில் இரண்டு இழை. 60/55 வாட்: தூரத்துக்கு அடிக்கும் ஹைபீம் 60, கிட்டத்துக்கு அடிக்கும் லோபீம் 55. லென்ஸ் வைத்த புரொஜெக்டர் விளக்கு கிடையாது, பல்புக்குப் பின்னால் பளபளக்கும் கிண்ணம் உள்ள சாதா ரிஃப்ளெக்டர்தான். மழை பெய்யும் இரவில் தார் எங்கே முடிகிறது, ஓரத்து மண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. 100/90 வாட் பல்பு போடு என்கிறார் ஒருவர், எல்இடி போடு என்கிறார் இன்னொருவர். அட்டையில் "130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்" என்று எழுதிய 60/55 பல்பும் கிடைக்கிறது. எதிரே வருபவர் கண் கூசக் கூடாது, ஒரிஜினல் வயரிங்கை வெட்டவும் விருப்பமில்லை. எதை வாங்கலாம்?

பதில் 1:
எதையும் வாங்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. இன்ஜின் ஓடணும், லோபீம் எரியணும். முதல்ல பேட்டரியில அளந்துக்கோங்க, சுமார் 14 வோல்ட் இருக்கணும். அடுத்து, பல்புல மாட்டியிருக்கிற சாக்கெட்டைக் கழட்டாம, பின்பக்கமா புரோபை நுழைச்சு லோபீம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல அளங்க. கழட்டிட்டு அளந்தா கரன்ட் ஓடாது, எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே காட்டும். நிறைய பேர் ஏமாறுறது இங்கதான்.

எச்4 பல்புக்கு லோபீம்ல 1000 லூமென் (மொத்த வெளிச்சத்தோட அளவு), ஹைபீம்ல 1650னு சொல்றது 13.2 வோல்ட் கொடுத்தா கிடைக்கிற கணக்கு. வோல்டேஜ் குறையுற வேகத்தை விட வெளிச்சம் பல மடங்கு வேகமா விழும். 12 வோல்ட்தான் போய்ச் சேருதுன்னா கால் பங்குக்கு மேல வெளிச்சம் போச்சு. அந்த சாக்கெட்ல எந்த பல்பைப் போட்டாலும் அதே இழப்பு தொடரும்.

பதில் 2:
மேலே சொன்னதுதான் முதல் வேலை. பல்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

100/90 வேண்டவே வேண்டாம். ஹைபீமில் ஒரு பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரிஜினல் சாக்கெட் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும் 60 வாட் பல்புக்கானது. சூட்டில் உள்ளே இருக்கும் தகட்டின் பிடி தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். ரிஃப்ளெக்டரின் பூச்சும் வெந்து மங்கும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எல்இடியில் சிக்கல் வேறு. எச்4-இன் லோபீம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும், கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால்தான் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தி மாதிரி வெட்டி நிற்கிறது. எல்இடி சிப் அந்த இழை இருந்த இடத்தில் அச்சாக உட்காரவில்லை என்றால் விளிம்பு கலைந்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கார் மூக்குக்கு முன்னால் மட்டும் பளிச்சென்று இருக்கும், கண் அதற்குப் பழகிவிடுவதால் தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு போடுவது பல நாடுகளில் சட்டப்படி செல்லாது.

அந்த "130 சதவீதம்" சாலையில் குறிப்பிட்ட ஒரு பகுதியில் அளந்தது, மொத்த வெளிச்சம் அவ்வளவு கூடாது. ஆனாலும் தூரம் உண்மையிலேயே கூடும், விலையாக ஆயுள் குறையும். வாங்கினால் கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். நீலப் பூச்சு ஒளியை வடிகட்டிக் குறைக்கத்தான் செய்யும், ஈர ரோட்டில் அது நஷ்டம்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன். பேட்டரியில் 14.1, பல்பில் 12.3. பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் லைவ் பின் வரை 0.7 வோல்ட், எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 1.1.

பதில் 1:
எர்த்தில் 1.1னா அது பல்பு பிரச்சினையே இல்ல. ஹெட்லைட் எர்த் வயர் பாடியில போல்ட் ஆகிற இடத்தைத் தேடுங்க. கழட்டி, வளையத்தையும் அடியில இருக்கிற தகட்டையும் உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சு, இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. அந்தப் பக்கம் 0.1க்கு வந்தா பல்புல 13.3 கிடைக்கும். 12.3ல இருந்து 13.3ன்னா, இதே பல்புல ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் வெளிச்சம்.

பாசிட்டிவ் 0.7ஐயும் குறைக்கணும்னா ரெடிமேட் ரிலே ஹார்னஸ், அதாவது பேட்டரியில இருந்து நேரா பல்புக்குப் போற தனி வயர் செட். ரிலேங்கிறது சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச். ரெண்டு 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். பழைய சாக்கெட்ல ஒண்ணு ஹார்னஸுக்குள்ள போய் ரிலேயை இயக்கும், அவ்வளவுதான், வெட்டுற வேலை இல்ல. ஒண்ணு கவனம்: சில கார்கள்ல மூணு பின்ல பொதுவானது பாசிட்டிவ், ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். அதுக்குத் தனி ஹார்னஸ், பாத்து வாங்குங்க.

பதில் 3:
விளக்கின் முகப்பு பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சள் பூத்திருந்தால் அதையும் பாருங்கள். 800, 1500, 2000 நம்பர் தாள்களால் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து பாலிஷ் போடலாம். அதோடு நிறுத்தினால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும், மேலே புற ஊதா தடுக்கும் கிளியர் கோட் அவசியம்.

பல்பு மாற்றும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், தொட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மூன்று காதுகளும் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு கம்பிக் கிளிப்பை மாட்டுங்கள். ரப்பர் மூடியை விட்டுவிட்டால் உள்ளே ஈரம் இறங்கும்.

கடைசியாக பீம் அளவு. சமதளம், சுவரிலிருந்து 10 மீட்டர், டயர் காற்று சரியாக, ஓட்டுநர் சீட்டில் ஆள், ஹெட்லைட் உயரம் மாற்றும் லெவல் குமிழ் இருந்தால் அது 0-இல். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, லோபீமின் மேல்விளிம்பு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். விளக்கிலோ பானட் அடியிலோ 1.0%, 1.2% என்று எண் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். 1.2 என்றால் 12 சென்டிமீட்டர்.