ஜெர்மன் மேனேஜரை மீனாட்சி கோயிலுக்கு கூட்டிட்டுப் போறேன், சொதப்பாம இருக்க என்ன செய்யணும்?

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
மக்களே ஒரு ஹெல்ப். ஜெர்மனியிலேர்ந்து எங்க மேனேஜரும் அவரு வொய்ஃபும் வர்றாங்க, வேலை சென்னையிலதான், ஆனா வீக்கெண்டுல மதுரை பாக்கணும்னு அவங்களே கேட்டாங்க. அந்தம்மா கோபுரம் போட்டோ எங்கயோ பாத்துட்டு இவ்ளோ பொம்மையும் கையால செஞ்சதான்னு மெயில்ல கேட்டிருக்காங்க. நான் கடைசியா அந்தக் கோயிலுக்குப் போனது ஏழாவது படிக்கும்போது, யானையும் பஞ்சுமிட்டாயும்தான் ஞாபகம் இருக்கு. இப்ப போன் விடமாட்டாங்களாமே? ட்ரெஸ் என்ன போடச் சொல்லணும்? வெளிநாட்டுக்காரங்களை எது வரைக்கும் விடுவாங்க? உள்ள போனப்புறம் எல்லார் முன்னாடியும் யாராச்சும் கை நீட்டி நிறுத்தி அந்த மனுசன் மூஞ்சி வாடிருச்சுன்னா நான் திங்கக்கிழமை லீவு போட வேண்டியதுதான். கிண்டல் பண்ணாம சொல்லுங்க.

வடக்குமாசி_வாசி:
அண்ணே வாங்க வாங்க. முதல்ல போன் மேட்டர். 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீ பிடிச்சுச்சுல்ல, அதுக்கப்புறம் கோர்ட் ஆர்டர் போட்டு பக்தர்கள் யாரும் போன் கொண்டு போகக் கூடாதுன்னு ஆயிருச்சு, கேமராவும் கிடையாது. வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுப்பாய்ங்க. ஆனா எல்லாரும் போனை ரூம்லயே வச்சுட்டு வந்துருங்க, இல்லாட்டி எந்த வாசல்ல குடுத்தோம்னு மறந்துட்டு கோயில் மதிலுக்குள்ள இருக்குற நாலு ஆடி வீதியும் சுத்துவீங்க, நானே உள்ளூர்க்காரன், எனக்கே நடந்திருக்கு.

நிறுத்துற விஷயம். சாமி சன்னதி, அம்மன் சன்னதி ரெண்டுக்கும் உள்ள இந்துக்கள் மட்டும்தான், போர்டே இருக்கு. அதை மதுரைக்கு வந்தப்புறம் சொல்லாதீங்க, இப்பவே மெயில்லயே எழுதிருங்க. முன்னாடியே தெரிஞ்சா மரியாதையா நின்னுக்குவாங்க, கடைசி நிமிசத்துல தெரிஞ்சாத்தான் அவமானமா இருக்கும். இன்னொண்ணு, சன்னதிக்கு வெளிய இருக்குறதைப் பாக்கவே உங்களுக்கு ரெண்டு மணி நேரம் பத்தாது.

கிழக்கு சித்திரை வீதியில அட்டசக்தி மண்டபம் வழியா உள்ள போங்க. நேரா பொற்றாமரைக் குளம். எதுவும் விளக்காதீங்க, படியில உக்கார வைங்க. அங்கேர்ந்து தெற்கு கோபுரம் தெரியும், இருக்குறதுலயே அதான் உசரம். மொத்தம் 14 கோபுரம்னு அப்ப சொல்லிக்கலாம். குளத்தைச் சுத்தி செவத்துல குறள் வெட்டி வச்சிருக்கும், ஒண்ணு ரெண்டு படிச்சு அர்த்தம் சொல்லுங்க, நீங்களும் படிச்ச மாதிரி இருக்கும் :)

மத்தியானம் 12.30க்கு நடை சாத்திருவாங்க, நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. 11.45க்கு வந்து நின்னுட்டு என்னைத் திட்டாதீங்க.

சும்மா_கேக்குறேன்:
எல்லாம் சரி, ஆனா எனக்கு இந்த "இந்துக்கள் மட்டும்" போர்டே புரியல. இதே கோயிலுக்குள்ள ஒரு காலத்துல சாதி பாத்து நம்ம ஆளுங்களையே விடாம இருந்தாங்க, 1939 ஜூலை 8ந்தேதி வைத்தியநாத ஐயர் கக்கன் இவங்கெல்லாம் சேர்ந்து உள்ள கூட்டிட்டுப் போனப்புறம்தான் கதவு திறந்துச்சு. இப்ப ஒரு ஜெர்மன்காரம்மா பக்தியோட கும்பிட்டா என்ன குறைஞ்சு போகுது? அதுவும் மூஞ்சியைப் பாத்து மதம் கண்டுபிடிக்கிறது என்ன கணக்கு, நான் இந்துவா இல்லையான்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லையே.

வடக்குமாசி_வாசி:
அண்ணே உங்க கேள்வி நியாயம்தான், ஆனா 2024 ஜனவரியில பழனி கேஸ்ல ஹைகோர்ட் மதுரைக் கிளையும் கொடிமரத்தைத் தாண்டி மத்த மதத்துக்காரங்க போகக் கூடாது, போர்டு வைங்கன்னுதான் சொல்லிருக்கு. நமக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, சனிக்கிழமை வர்ற விருந்தாளியை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிகிட்ட அந்த சண்டையைப் போட முடியாதுல்ல. அவரு என்ன பண்ணுவாரு பாவம். தனி த்ரெட் போடுங்க, நானும் வர்றேன்.

மல்லிப்பூ_மாமி:
ட்ரெஸ் யாரும் சொல்லல. ஷார்ட்ஸ், கையில்லாத டாப் ரெண்டும் வேண்டாம். அவருக்கு முழு பேண்ட் சட்டை போதும், வேட்டி கட்டி விடுறேன்னு ஆசைப்பட்டு அது அவுந்து விழுந்தா யாரு பொறுப்பு. அந்தம்மாவுக்கு சல்வாரும் துப்பட்டாவும் போதும். காலு சுடும்ப்பா, அதை மறக்காதே. பத்து மணிக்கு மேல ஆடி வீதியில கல்லு அடுப்பு மாதிரி இருக்கும், விரிப்பு போட்டிருக்குற இடமாப் பாத்து நடக்கச் சொல்லு.

தூண்ல சாயக் கூடாது, சிலையைத் தொட்டுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லி வை. ஆனா இதுல அவங்களை விட நம்ம ஜனங்கதான் மோசம், பிரசாதமா வாங்குன குங்குமத்தை மிச்சம்னு தூண் இடுக்குல கொட்டிட்டுப் போறாங்க. போன தடவை ஒரு வெளிநாட்டுப் பொண்ணு அதைப் பாத்துட்டு இதுவும் பூஜையான்னு என்கிட்டயே கேட்டா, நான் என்னத்தச் சொல்ல, ஆமாம்னு சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, வெளிய வந்ததும் "மாடியிலேர்ந்து கோபுர வியூ ஃப்ரீ"ன்னு கூப்புடுவாங்க. வியூ நல்லாத்தான் இருக்கும். ஆனா எறங்குற வழி அவங்க கடைக்குள்ளதான், என் அக்கா சம்பந்தி வீட்டுக்காரங்க அப்படித்தான் ஒரு ஷாலோட வந்தாங்க, வெலையை இன்னும் வெளிய சொல்லல.

கல்லும்_சுதையும்:
அந்தம்மா கேள்விக்கு பதில்: ஆமா, கையாலதான். கோபுரத்துல அடி ரெண்டு நிலை கல்லு, அதுக்கு மேல செங்கல், அதுமேல சுண்ணாம்பு சுதை. தெற்கு கோபுரத்துல மட்டும் ஆயிரத்து ஐநூறுக்கு மேல சுதைச் சிற்பம் இருக்குறதா சொல்வாங்க. கும்பாபிஷேகம் வர்றப்பல்லாம் உடைஞ்ச விரல், மூக்கு எல்லாம் திரும்பப் பிடிச்சு வர்ணம் அடிப்பாங்க, அதனால நீங்க பாக்குற கலர் பழசு இல்ல.

ஆனா ஒரு விஷயம், எல்லாரும் கழுத்தை வளைச்சு கோபுரத்தையே பாத்துட்டு வந்துடுறாங்க. கல்லு வேலை பாக்கணும்னா ஆயிரங்கால் மண்டபம் போங்க, இப்ப அது மியூசியம், தனி டிக்கெட். தளவாய் அரியநாத முதலியார் கட்டுனது, எண்ணிப் பாத்தா தூண் 985தான். அதுல ஒரு குறத்தி சிலை, கூடையும் குழந்தையுமா. அவ இடுப்புல துணி மடிப்பைப் பாருங்க, கருங்கல்லுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க. டார்ச் லைட் வேணாம், ஓரமா நின்னு பக்கவாட்டுல வெளிச்சம் விழும்போது பாருங்க, நேருக்கு நேரா நின்னா தட்டையாத் தெரியும்.

அப்புறம் கம்பத்தடி மண்டபத்துல திருக்கல்யாணச் சிலை இருக்கு, பெருமாள் தங்கச்சியைத் தாரை வாத்துக் குடுக்குறாரு, மீனாட்சி தலை குனிஞ்சு நிக்கும். எட்டுத் திசையையும் ஜெயிச்ச ராணி அந்த ஒரு நிமிசம் மட்டும் வெக்கப்படுது. அங்க எது வரைக்கும் அவங்க நிக்கலாம்னு காவலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, கேட்டா நல்லாவே வழி சொல்வாங்க.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
போயிட்டு வந்தாச்சு, நேத்து நைட்டு பாண்டியன்ல ஏறி இப்பதான் வீட்டுக்கு வந்தேன். எல்லாருக்கும் நன்றி. மெயில்ல முன்னாடியே எழுதுனது ரொம்ப நல்லதாப் போச்சு, சன்னதி போர்டு வந்ததும் அவங்களே நின்னுட்டாங்க, "நீ போ, நாங்க இங்க இருக்கோம்"னு சொல்லிட்டாரு. நான் அம்மனைப் பாத்துட்டு கூட்டத்துல மாட்டி திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிருச்சு, பயந்துக்கிட்டே ஓடி வந்தா பொற்றாமரைப் படியில அந்தம்மா பக்கத்துல ஒரு பாட்டி உக்காந்து பூ தொடுத்துக்கிட்டு இருக்கு, இவங்க நாரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, ஒரு வார்த்தை பாஷை கிடையாது. மேனேஜர் குறத்தி சிலை முன்னாடி பதினஞ்சு நிமிசம். மாமி, மாடி வியூவுக்கு நானே ஏறிட்டேன் :( மரத்துல யானை ஒண்ணு வாங்கிருக்கேன், வீட்டுல எவ்ளோன்னு கேட்டா நீங்க சொன்ன அக்கா சம்பந்தி கதைதான்.