பைடார்க்கா மூட்டில் எலும்பு: வேகத்துக்கா, தேய்மானத்துக்கா?

அலைமோதி:
கயாக்கோட (மரச்சட்டகத்துல தோல் போர்த்தின துடுப்புப் படகு) மூட்டுல வச்ச எலும்புக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு தச்சன்மகன் நேத்து எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அலாஸ்காவை ஒட்டின அலூஷியன் தீவுகளோட உனாங்கன் மக்கள் கட்டின கயாக்தான் பைடார்க்கா. அதுல அடிக்கட்டை ஒரே மரம் கிடையாது, மூணு துண்டு. அங்க உனலாஸ்கா தீவுல 1824 முதல் பத்து வருஷம் இருந்த ரஷ்யப் பாதிரியார் வெனியாமினோவ், சிறந்த ஓட்டிகளோட படகு மூட்டுகள்ல 60 எலும்புத்துண்டு வரைக்கும் இருந்ததா எழுதி வச்சிருக்கார். ஓடும்போது ஏறக்குறைய எல்லா உறுப்பும் அசையுமாம். அசைவுதான் வேகம்.

தச்சன்மகன்:
எலும்பு இருந்துச்சு, அசைஞ்சுது. சரி. வேகம் எங்க வந்துச்சு? மரத்தோட மரம் உரசினா தேயும், நடுவுல எலும்பு வச்சா தேயாது. பட்டறையில நின்னவனுக்கு இது புரியும்.

அலைமோதி:
உரசணும்னா முதல்ல அசையணுமே, ஐயா?

தச்சன்மகன்:
அசையறது வேற, அசையணும்னே செய்யறது வேற. துடுப்பு போடுற பலம் சட்டகம் வளையறதுலயே வீணாப் போகும்.

அலைமோதி:
துடுப்பை யார் கேட்டா? எதிரலை அடிக்கிற அடியைப் பேசுறேன். விறைப்பான படகு அலையில முட்டும், இது வளைஞ்சு ஏறும். போன மாசம் பாய்மரம் பத்தின விவாத இழையிலயும் இப்படித்தான் ஒத்தை வரியில வந்து குழப்பிட்டுப் போனீங்க.

மேகலா:
நீங்க ரெண்டு பேரும் எலும்பையே கடிச்சுக்கிட்டு இருங்க. கடல்சிங்கத் தோலை நரம்பு நூலால தண்ணி புகாம தைச்சது பெண்கள். தையல் விட்டா உங்க 60 எலும்பும் கடலடியில. அதுக்கு ஒரு வரி உண்டா?

அலைமோதி:
தையலுக்குத் தனி இழை தொடங்குங்க, அம்மா. இங்க பேச்சு எலும்பு.

மேகலா:
இழை உங்க பேர்ல பட்டாவா?

வடகாற்று:
கிரீன்லாந்து கயாக்குல இந்த ஜோடனையெல்லாம் கிடையாது. மேல்விளிம்புப் பலகை ரெண்டும்தான் பலம், அதுல துளை போட்டு விலாக்கம்பை வளைச்சு இறக்குவாங்க. கவிழ்ந்தா உருண்டு எழும்பும். 1930ல போன பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஜினோ வாட்கின்ஸ் அந்த வித்தையைக் கத்துக்கிட்டது அங்கதான்.

அலைமோதி:
கத்துக்கிட்டவர் 1932ல தனியா சீல் வேட்டைக்குப் போனார், திரும்பி வரலை. அதையும் சேர்த்து எழுதுங்க.

வடகாற்று:
செத்தவரை வச்சு வாதமா? வெட்கமா இல்ல?

தச்சன்மகன்:
அலைமோதிக்கு எலும்பு தீர்ந்து போச்சு, ஆளைத் தேடுறார்.

அலைமோதி:
தீரலை. பைடார்க்கா கடல்ல ஓடுற திறன்ல ஒரு கணித மேதையாலகூடப் பெருசா எதையும் கூட்ட முடியாதுன்னு எழுதினவரும் அதே வெனியாமினோவ்தான். கரை ஒதுங்கின மரத்தை வச்சு, மரமே வளராத தீவுல கட்டினது! உங்க பட்டறையில ஒண்ணு கட்டிக் காட்டுங்களேன்.

தச்சன்மகன்:
பாதிரியார் பாராட்டினார்னா பௌதிகம் ஆயிடுமா? ரெண்டு படகு, ஒண்ணுல எலும்பு, ஒண்ணுல இல்ல. அளந்தது யாரு?

மேகலா:
மூணு பேர் உட்கார மூணு குழி வச்ச பைடார்க்கா ரஷ்யர் காலத்துல வந்தது. நடுக்குழியில அதிகாரியோ பாதிரியாரோ சும்மா உட்கார்ந்திருப்பார். அவரா வேகத்துக்குச் சாட்சி?

அலைமோதி:
பார்த்தவர் சாட்சி சொல்லாம, பார்க்காத நீங்களா சொல்வீங்க? மூட்டுக்கு மூட்டு எலும்பு எப்படி உட்காருதுன்னு நாளைக்குப் படம் வரைஞ்சு போடறேன்.

தச்சன்மகன்:
போடுங்க. படத்துல அசையுதான்னு பார்ப்போம்.

வடகாற்று:
வாட்கின்ஸ் விஷயத்துக்கு இன்னும் மன்னிப்பு வரலை.