புதுப்பிப்பு: தம்பியின் மாத்திரைப் பழக்கம், 14446-க்கு அடித்த பிறகு

போன மாதம் கேட்டிருந்தேன்: தம்பி போதை மாத்திரைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டான், வீட்டில் இருக்கிற எங்களுக்கு யார் கைகொடுப்பார்கள், செலவுக்கு என்ன வழி என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன 14446-க்கு அடித்தேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் கட்டணமில்லா எண். அந்த அமைச்சகம் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து மறுவாழ்வு மையங்களை நடத்த வைக்கிறது. அப்படி ஒரு மையத்தில்தான் தம்பி இப்போது இருக்கிறான்.

குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. அம்மா முதல் இரண்டு தடவை வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை, பர்ஸை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பதைச் சொல்லி அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "நான் பருப்பு டப்பாவுல வைப்பேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

நார்-அனான் பற்றிக் கேட்டவருக்கு: போதைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பத்தாருக்கான குழுதான், ஆனால் வெளியார் நன்கொடை வாங்கமாட்டார்கள். வருகிறவர்கள் விருப்பப்பட்டுப் போடுவதில்தான் ஓடுகிறது. சிகிச்சைச் செலவுக்கு அங்கே கேட்க முடியாது.

தம்பியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அம்மா இன்றைக்கே முறுக்கு சுடத் தொடங்கிவிட்டார்.