கார்மல் கல்லூரி வளாகத்துக்குள் முறையாகப் போக வழி உண்டா?

வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாலிங்ஃபோர்டுக்குப் பக்கத்தில், தேம்ஸ் ஓரமாக மாங்க்வெல் பார்க் என்று ஒரு இடம். ரப்பி (யூத மதகுரு) கோப்புல் ரோசன் 1948இல் வேறிடத்தில் தொடங்கிய யூத உறைவிடப் பள்ளியான கார்மல் கல்லூரி, 1953இலிருந்து 1997இல் மூடப்படும் வரை அங்கேதான் நடந்தது. அதன் ஜெபக்கூடத்தில் நெஹமியா அசாஸ் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும், பேசில் ஸ்பென்ஸ் நிறுவனம் வடிவமைத்த பிரமிடு போன்ற ஓவியக்கூடத்தையும் (அடியில் படகுக் கொட்டகை) படம் எடுக்க வேண்டும், ஆனால் உள்ளே போக முடியவில்லை.

மார்ச்சிலிருந்து மூன்று முறை போய்விட்டேன். நார்த் ஸ்டோக் கிராமத்திலிருந்து ரிட்ஜ்வே நடைபாதையில் நடந்தால் பாதி இடிந்த பழைய தேவாலயம் வரை போகலாம், அங்கே தடையில்லை. அதற்கப்புறம் வேலி, இடுப்பளவு காஞ்சொறிச் செடி, அத்துமீறக் கூடாது என்ற பலகை. ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து 300 மி.மீ. லென்ஸில் பார்த்தேன், மரக்கிளைகள்தான் தெரிந்தன. உரிமையாளர் தரப்புக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. வேலி தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அது பிள்ளைகள் தொழுத இடம், கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

உங்களில் யாராவது அனுமதி வாங்கி உள்ளே போயிருக்கிறீர்களா, யாரிடம் கேட்டீர்கள்?