பனிக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திரையை அணைப்போமா?

ஸ்காபரோத் தகப்பன்:
டிசம்பர் முதல் மார்ச் வரை, சனி மாலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணி வரை வீட்டில் எந்தத் திரையும் இல்லை என்று சட்டம் போட நினைக்கிறேன். தொலைக்காட்சி, டாப்லெட், கைபேசி எல்லாம் இதில் அடங்கும். ரொறன்ரோவில் டிசம்பரில் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. அதன்பின் வீட்டில் ஆளுக்கொரு மூலை. சாப்பிடக் கூப்பிட்டால் "வருகிறேன்" என்ற சத்தம் வருகிறது, ஆள் வருவதில்லை. 5 முதல் 17 வயது வரை பொழுதுபோக்குத் திரை நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன கனடாவின் வழிகாட்டு நெறிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிள்ளைகள் அதைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள்.

மார்க்கம்வாசி:
பருவம் தப்பிய யோசனை அண்ணா. ஜூலையில் செய்யுங்கள், நானும் சேர்கிறேன். காற்றின் குளிரோடு −28 ஆகிவிட்டால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்துவிடக்கூடும். பூங்காவுக்கா அனுப்புவீர்கள்? அடுக்குமாடி வீட்டுக்குள் இரண்டு பையன்கள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையை இடிக்கிறார். மேலும் நீங்கள் சொன்ன நெறி நாளாந்தக் கணக்கு. ஆறு நாள் அவிழ்த்துவிட்டு ஏழாம் நாள் விரதம் பிடிக்கச் சொல்லி அதில் எங்கும் இல்லை.

பழைய வானொலி:
பனிநாட்டில் நடக்காது என்று சொல்லாதீர்கள். ஐஸ்லாந்தில் அரசுத் தொலைக்காட்சி 1966இல் தொடங்கியது. 1987 வரை வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாது. ரேக்யவிக்கில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் நான்கு மணி நேரம்தான். அந்த இருட்டிலும் வாரத்தில் ஒரு நாள் தொலைக்காட்சி இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மார்க்கம்வாசி:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே நிலையமே மூடியிருந்தது. ஊர் முழுக்க ஒரே நிலைமை, எந்தத் தகப்பனும் காவல்காரனாக நிற்க வேண்டியதில்லை. 1986இல் தனியார் நிலையம் வந்தது, அடுத்த ஆண்டே வியாழக்கிழமை விடுமுறை போய்விட்டது. இங்கே பக்கத்து வீட்டுப் பையன் விளையாடிக்கொண்டிருப்பது உங்கள் பையனுக்குத் தெரியும்.

வடமராட்சியாள்:
எனக்கு வேறு கவலை. பனிக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஊர் நேரம் எங்களைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் எடுத்தால் அங்கே இரவு ஏழரை, அம்மா விளக்கு வைத்துச் சாப்பிட்டு முடித்திருப்பார். கிழமை நாட்களில் இந்த நேரம் பொருந்தாது. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்கு இருப்பது அந்த ஒரு காலைதான். அதையும் திரை என்று அணைத்தால் யாருக்கு நன்மை?

ஸ்காபரோத் தகப்பன்:
அந்த அழைப்புக்கு விலக்கு உண்டு அக்கா. கூடத்தில் எல்லோரும் இருந்து கதைத்துவிட்டு வைத்துவிடலாம்.

குசினிப்பக்கம்:
இவ்வளவு நேரமும் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். திரையை அணைத்ததும் அந்த இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்பப் போவது யார்? எங்கள் வீட்டிலும் இந்தச் சட்டம் வந்தது. என் கணவர் அறிவித்தார், நான் நடத்தினேன். ஞாயிறு முழுக்க "அம்மா, என்ன செய்வது?" மதியத்துக்கு ஒடியல் கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) வைத்தால் பிள்ளைகள் சுற்றியிருந்து குடிப்பார்கள் என்று அவருக்கு ஆசை. வைத்தேன். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடிக்க வேண்டும், நண்டு உடைக்க வேண்டும், பலாக்கொட்டை தோலுரிக்க வேண்டும், பயிற்றங்காய் முறிக்க வேண்டும். அவர் கூடத்தில் இருந்து "பழைய காலம் திரும்பிவிட்டது" என்றார். எந்தப் பழைய காலம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சட்டம் போடுகிறவரே குசினிக்குள் வருவதானால் நான் உங்கள் கட்சி.

பாதர்ஸ்ட் வீதியார்:
எங்கள் தெருவில் யூதக் குடும்பங்கள் அதிகம். ஓய்வுநாளில் அவர்கள் திரையை மட்டுமல்ல, விளக்குச் சுவிட்சையும் தொடுவதில்லை. டிசம்பரில் வெள்ளி பின்னேரம் நாலரைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, ஜூனில் ஒன்பது மணியை நெருங்கும். கவனிக்க வேண்டியது, அன்று சமைப்பதும் கிடையாது. இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாம் முதல்நாளே இளஞ்சூட்டில் ஏற்றிவிட்டு மறுநாள் மதியம் சாப்பிடுகிறார்கள்.

குசினிப்பக்கம்:
வேலை வெள்ளிக்கு மாறுகிறது, குறைகிறதா? வெள்ளிக்கிழமை அந்தப் பானையை ஏற்றுவது யார் என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். புயல் நாளில் ஆள் வராவிட்டால் எனக்குத்தான் அழைப்பு வரும். கைபேசியை அணைக்க முடியாது.

பாதர்ஸ்ட் வீதியார்:
உயிர் காக்கும் காரியம் என்றால் அவர்களுடைய சட்டமும் வழிவிடுகிறது. உங்கள் கைபேசி மணியை மட்டும் திறந்துவைத்து அலமாரியில் கிடக்கட்டும்.

மார்க்கம்வாசி:
ஊருக்கு விலக்கு, வேலைக்கு விலக்கு. நாளை பையன் வீட்டுப்பாடத்துக்கும் கேட்பான். மிச்சம் என்ன?

பழைய வானொலி:
மிச்சம் 304 என்ற சீட்டாட்டம். புள்ளிக் கணக்கில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. எட்டு வயதுப் பேத்தி துரும்பை ஒளித்துவைத்து என்னைத் தோற்கடிக்கிறாள். கீழ்வீட்டுக்காரருக்கும் சத்தம் கேட்காது தம்பி.

மார்க்கம்வாசி:
சீட்டுக்கு வேண்டுமானால் சம்மதம். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு இல்லை. ஞாயிறு பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு வரை, அதற்கு மேல் என் வீட்டில் நடக்காது.

ஸ்காபரோத் தகப்பன்:
எனக்கு முழுநாள்தான். குசினிப்பக்கம் சொன்னது உறைத்தது. இந்தச் சனி நண்டும் மாவும் என் பொறுப்பு. மாவை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று ஆறு மணிக்கு முன் யூடியூப்பில் பார்த்துவிடுகிறேன்.

வடமராட்சியாள்:
அதற்கு யூடியூப் எதற்கு? உங்கள் அம்மாவைக் கேளுங்கள். சனி காலையிலேயே எடுங்கள், பின்னேரம் என்றால் அங்கே நடுச்சாமம்.