வூடாங் மலைக்கு அம்மாவ கூட்டிட்டுப் போலாமா? முட்டி வலி இருக்கு

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் ஆரம்பத்துல நானும் அம்மாவும் சீனா போறோம், வூஹான்ல ஒரு வேலை, அது முடிஞ்சதும் அதே ஹூபே மாகாணத்துல இருக்கற வூடாங் மலைய பாத்துட்டு வரலாம்னு ஆசை. எல்லா வீடியோவுலயும் தாய்ச்சி, குங்ஃபூன்னுதான் காட்றாங்க, எனக்கு அதவிட அந்த தாவோ (சீனாவோட பழைய மதம்) கோயில்கள பாக்கணும். அம்மாவுக்கு 60 தாண்டிருச்சு, படின்னாலே பயப்படறாங்க. கேபிள் கார் இருக்காமே, அப்ப ஏறவே வேணாமா? மேல தங்கறதா கீழ தங்கறதா? ரெண்டு பேரும் சைவம் வேற.

மலைப்பித்தன்:
மொதல்ல தேதிய மாத்துங்க. அக்டோபர் 1-லருந்து ஒரு வாரம் அங்க தேசிய விடுமுறை, நாடே டூர் கிளம்பிரும், கேபிள் கார் க்யூலயே பாதி நாள் போயிரும். வூஹான்லருந்து வூடாங்ஷான் வெஸ்ட் ஸ்டேஷனுக்கு 2019-லருந்து அதிவேக ரயில் ஓடுது, சுமார் ரெண்டு மணி நேரம். மலைக்குள்ள சொந்த வண்டிய விடமாட்டாங்க, அவங்க பஸ்தான்.

கேபிள் கார் உச்சிக்கே கொண்டு போய் விடும்னு நெனச்சிராதீங்க, அது சியோங்தாய்ங்கற எடத்துலருந்து மேல போகுது சரி, ஆனா எறங்குன பிறகும் உச்சில இருக்கற தங்கக் கோயிலுக்கு செங்குத்தா படி இருக்கு, முட்டி வலிக்காரங்களுக்கு ஏறறதவிட எறங்கறதுதான் கொடுமை. உங்க அம்மாவுக்கு சீஷியாவ் கோயில்தான் சரி. 1413-ல திரும்பக் கட்டுனது, பஸ் பக்கத்துலயே நிக்குது. உள்ள படி இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா முற்றம் முற்றமா இருக்கறதால உக்காந்து உக்காந்து போலாம். தாவோ துறவிங்க இப்பவும் அங்க இருக்காங்க, பூஜை நேரத்துக்குப் போனா மந்திரம் ஓதறத கேக்கலாம்.

கல்தூண்:
உச்சிய இப்டி லேசா விட்டுட்டீங்களே பாஸ். 1612 மீட்டர்ல நிக்கற அந்த தங்கக் கோயில் மொத்தமும் வெண்கலம், மேல தங்க முலாம், 1416-ல வச்சது. தூரத்துலருந்து பாத்தா மரக்கட்டடம்னே தோணும், அவ்ளோ நுணுக்கம். உள்ள ஜென்வூ சாமி, தலைய விரிச்சுப் போட்டுட்டு வெறுங்காலோட உக்காந்திருப்பாரு, முன்னாடி ஆமையும் பாம்பும் பின்னிக்கிட்டு இருக்கும். அண்ணன் மகன்கிட்டருந்து ஆட்சிய புடுங்குன மிங் வம்சத்து யோங்லே பேரரசர் ஜென்வூதான் எனக்குத் துணை நின்னாருன்னு சொல்லிக்கிட்டு 1412-ல ஆரம்பிச்சு இந்த மலை பூரா கோயிலா கட்டித் தள்ளுனாரு. அரசியல் கணக்குதான், ஆனா நமக்கு லாபம். நீங்க மட்டும் ஏறிப் பாத்துட்டு வாங்க, அம்மா கேபிள் கார் ஸ்டேஷன்லயே உக்காந்திருக்கட்டும்.

ஊர்சுற்றி அக்கா:
தம்பி, ஒரு ராத்திரியாவது மேல நான்யென்ல தங்குங்க. பஸ் அதுவரைக்கும் வருது, ஓட்டல் இருக்கு. கீழ டவுன்ல தங்குனா காலைல நீங்க வர்றப்ப கூட்டமும் கூடவே வரும். நான்யென் கோயில் பாறைய ஒட்டி தொங்கற மாதிரி இருக்கும், பள்ளத்துக்கு மேல ஒரு கல் டிராகன் தலை நீட்டிட்டு நிக்கும், அந்த காலத்துல அதோட நுனிக்கு நடந்து போய் ஊதுபத்தி வச்சிருக்காங்க, விழுந்து செத்தவங்க நெறைய, 1673-லயே தடை போட்டாங்க. ஆனா ஓட்டல்லருந்து கோயிலுக்கு படி ஏறி எறங்கணும், அம்மாவ அவசரப்படுத்தாதீங்க, ஒரு கைத்தடி வாங்கிக் குடுங்க.

சாப்பாட்டுக்கு, மாமிசம் முட்டை மீன் வேணாம்னு சீனத்துல எழுதி போன்ல வச்சுக்கிட்டு காட்டிருங்க, வாயால சொல்லி புரிய வைக்கறது கஷ்டம். கோயில் வாசப்படிய மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் போகணும், அதுல நமக்கொண்ணும் புதுசு இல்ல. உள்ள சிலைய போட்டோ எடுக்காதீங்க. மேல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

வழிப்போக்கன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப அக்டோபர் மூணாவது வாரத்துக்கு தள்ளிடறேன், நான்யென்ல ஒரு ராத்திரி. கேபிள் கார் டிக்கெட் நுழைவுக் கட்டணத்துலயே வந்துருமா?

மலைப்பித்தன்:
இல்ல, தனி. தங்கக் கோயிலுக்கும் தனி டிக்கெட். பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல இருக்கட்டும், அலிபேல (அங்க பணம் கட்டற ஆப்) உங்க கார்ட கிளம்பறதுக்கு முன்னாடியே சேத்துருங்க, கொஞ்சம் யுவான் நோட்டும் வச்சுக்கோங்க. காத்து பலமா அடிச்சா கேபிள் கார நிறுத்திருவாங்க, அதனால வானம் தெளிவா இருந்தா மொத நாளே உச்சிக்குப் போயிருங்க, சீஷியாவ மறுநாள் வச்சுக்கலாம்.